புதுச்சேரி – கடலூர் புறநகர் ரயில்: தண்டவாளம் போட்ட பிறகு என்ன வேண்டும்?

புதுச்சேரியில், கடலூர் சாலையில் ஏ.எஃப்.டி. மில்லை ஒட்டி ஒரு ரயில்வே கேட் இருக்கிறது. காலை நேரத்தில் அது மூடும்போது நின்று பாருங்கள். இரு சக்கர வாகனங்கள் சந்து கண்ட இடமெல்லாம் புகுந்து கேட் கம்பத்தை முட்டிக்கொண்டு நிற்கும். பின்னால் கடலூர் பஸ், பள்ளி வேன், காய்கறி மூட்டை ஏற்றிய மினி லாரி. பஸ் படியில் நிற்பவர்கள் கைப்பேசியில் மணி பார்ப்பார்கள். ரயில் மெல்லக் கடக்கும், கேட் திறக்கும், அத்தனை வண்டிகளும் ஒரே நேரத்தில் ஹாரன் அடிக்கும். அந்தக் கூட்டத்தில் நானும் பல ஆண்டுகள் நின்றிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனதில் தோன்றுவது ஒன்றுதான்: இவ்வளவு பேர் கடலூர் பக்கம் போகக் காத்திருக்கிறோம், எங்களைக் காக்க வைத்துவிட்டுப் போகும் ரயிலோ விழுப்புரம் போகிறது.

ரயிலில் கடலூருக்குப் போக முடியாதா என்றால், முடியும். புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் 38 கிலோமீட்டர். அங்கே இறங்கி, பண்ருட்டி, நெல்லிக்குப்பம் வழியாகக் கடலூரின் திருப்பாதிரிப்புலியூர் நிலையத்துக்கு வேறு ரயில் பிடித்தால் இன்னும் 40 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஆக மொத்தம் 80 கிலோமீட்டர். சாலையிலோ இரண்டு ஊருக்கும் இடையே 22 கிலோமீட்டர் அளவுதான். மேற்கே போய்த் தென்கிழக்கே திரும்பி வரும் இந்தப் பயணத்தை வேலைக்குப் போகிறவர் யாரும் செய்ய மாட்டார்.

கடற்கரையை ஒட்டிச் சென்னை, மாமல்லபுரம், புதுச்சேரி, கடலூர் ஊர்களை இணைக்கும் புதிய பாதைத் திட்டம் ஒன்று பல ஆண்டுகளாகப் பேச்சில் இருக்கிறது. அதன் நீளம் ஏறக்குறைய 180 கிலோமீட்டர். அதில் கடைசித் துண்டான புதுச்சேரி – கடலூர் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு புறநகர் ரயில் பாதை எப்படிப் பிறக்கிறது என்பதை இந்தக் கட்டுரையில் சொல்லப் பார்க்கிறேன். ‘ரயில் விடுங்கள்’ என்று கேட்கிறவர்கள் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்து கேட்பது நல்லது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பெயர். எக்ஸ்பிரஸ் ரயில் தொலைதூரப் பயணத்துக்கு. மெட்ரோ ஒரு நகரத்துக்குள்ளேயே ஓடும். நிலையங்கள் ஒரு கிலோமீட்டருக்கு ஒன்றாக நெருங்கி இருக்கும். புறநகர் ரயில் இவற்றுக்கு நடுவில் வருவது: நகரத்தையும் அதைச் சுற்றிய சிற்றூர்களையும் இணைத்து, மூன்று நான்கு கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் வைத்து, காலையும் மாலையும் அடுத்தடுத்து ஓடுவது. சென்னைக் கடற்கரை – தாம்பரம் இடையே 1931-இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. தாம்பரமும் பல்லாவரமும் குரோம்பேட்டையும் பிற்பாடு பெருகி வளர்ந்ததில் அந்த ரயிலுக்குப் பெரிய பங்கு உண்டு. தாம்பரத்தில் ரயிலேறுகிறவர் கால அட்டவணையைப் பார்ப்பதில்லை. நடைமேடைக்குப் போனால் கொஞ்ச நேரத்தில் ரயில் வரும் என்ற நம்பிக்கையில் போகிறார். புறநகர் ரயிலுக்கு இலக்கணம் என்று ஒன்று சொல்ல வேண்டுமானால் நான் இதைத்தான் சொல்வேன்.

அந்த இலக்கணத்தை வைத்துப் பார்த்தால் நம்மிடம் இருப்பது என்ன? புதுச்சேரிக்கு ரயில் வந்தது 1879-இல். புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் கையிலும் விழுப்புரம் ஆங்கிலேயர்கள் கையிலும் இருந்த காலம் அது. இரண்டு அரசுகள் உடன்பட்டு, எல்லை தாண்டி ஒரு மீட்டர்கேஜ் பாதை போட்டன. இன்று அது அகலப்பாதை, மேலே மின்கம்பி, வில்லியனூரிலும் சின்னபாபுசமுத்திரத்திலும் வளவனூரிலும் நிலையம். பாதை இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, நிலையம் இருக்கிறது. ஆனால் வில்லியனூரில் வசித்துப் புதுச்சேரியில் வேலை பார்க்கிறவர் பஸ்ஸில்தான் போகிறார், ஏனென்றால் ஒரு ரயிலைத் தவறவிட்டால் அடுத்ததற்கு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தண்டவாளம் ஒன்று, புறநகர் ரயில் வேறொன்று என்பதற்கு இதைவிடக் கண்ணெதிரே சான்று வேண்டியதில்லை.

சரி, புதிதாகத் தொடங்குவோம். முதல் வேலை கணக்கெடுப்பு. யார், எங்கிருந்து, எங்கே, எத்தனை மணிக்குப் போகிறார்கள்? புதுச்சேரி – தமிழ்நாடு எல்லையான முள்ளோடையில் நின்று வண்டிகளை எண்ணினால் பாதி விவரம்தான் கிடைக்கும். ஜிப்மருக்குப் போகும் நோயாளி, கடலூர் சிப்காட்டில் ஷிப்ட் பார்க்கும் தொழிலாளி, கல்லூரி மாணவர், முதுநகரிலிருந்து மீன் கூடையோடு வரும் பெண் – இவர்கள் போகும் நேரமும் வேறு, இறங்கும் இடமும் வேறு. மீன் கூடைக்காரருக்குப் பெட்டியில் கூடை வைக்க இடம் வேண்டும்; சென்னைப் புறநகர் ரயில்களில் அதற்கென்றே தனிப் பெட்டி உண்டு. இந்த விவரங்களைக் கேட்காமல் மொத்தத் தலைகளை மட்டும் எண்ணிப் போடும் ஆய்வு, பிற்பாடு காலியான பெட்டிகளாகவோ பிதுங்கி வழியும் பெட்டிகளாகவோதான் வந்து நிற்கும்.

ரயில் எதற்கு, பஸ்ஸைக் கூட்டினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஒரு பெட்டியில் நூறு பேர் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் எட்டுப் பெட்டி ரயிலில் 800 பேர் ஏறலாம். அறுபது பேர் ஏறும் பஸ்ஸானால் பதினான்கு பஸ் வேண்டும். அந்தப் பதினான்கும் மரப்பாலம் சந்திப்பையும் முருங்கப்பாக்கத்தையும் அரியாங்குப்பத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்க வேண்டும். கூட்டம் குறைவாக இருக்கும்வரை பஸ்தான் சிக்கனம். சாலையே நிரம்பிப்போன இடத்தில் இன்னொரு பஸ்ஸை விட்டால் அதுவும் நெரிசலில் போய் நிற்கும். அந்தக் கட்டத்தை இந்தச் சாலை காலை எட்டரை மணிக்குத் தொட்டுவிட்டது என்பது என் கருத்து.

அடுத்தது, பாதை எந்த வழியாகப் போவது? எனக்கு மிகவும் கவலையான இடம் இதுதான். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே இருப்பது மேட்டு நிலம் கிடையாது. அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு, மலட்டாறு, தென்பெண்ணையாறு, கடலூருக்குள் கெடிலம் – எல்லாம் கிழக்கே கடலைப் பார்த்து ஓடுகின்றன. பாதை வடக்கிலிருந்து தெற்கே போக வேண்டும். அதாவது ஒவ்வோர் ஆற்றையும் ஒவ்வொரு வடிகாலையும் குறுக்கே வெட்டித்தான் போயாக வேண்டும். பாகூர் பக்கத்து வயல்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மழைக்காலத்தில் தண்ணீர் அங்கே வாய்க்காலில் மட்டும் ஓடாது; வயல் முழுக்கப் பரந்து ஓடும்.

ரயில் பாதையை மண் கொட்டி உயர்த்திய கரை மேல் போடுவது வழக்கம். மண்கரை மலிவு. ஆனால் தண்ணீர் கண்ணுக்கு அது ஓர் அணை. அடியில் போதுமான கண்கள் விட்டுச் சிறுபாலங்கள் கட்டவில்லையென்றால், மேற்குப் பக்கத்து ஊர்கள் ஏரியாகும். கிழக்குப் பக்கத்து வயல்கள் காயும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்த இரண்டொரு நாளில் சாத்தனூர் அணை நீர் தென்பெண்ணையில் வந்து, பாகூர்ப் பக்கத்து ஊர்களுக்குள்ளும் கடலூரின் கரையோரப் பகுதிகளுக்குள்ளும் புகுந்தது. டிசம்பர் 2 அன்று விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே உள்ள ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தொட்டதால் சென்னை – விழுப்புரம் தடத்தில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. ஒரு பாலத்தில் நீர்மட்டம் ஏறியதற்குத் தென் மாவட்டங்களுக்குப் போகும் ரயில்களெல்லாம் ஆங்காங்கே நின்றன.

ஆகவே இந்தப் பாதையை வடிவமைக்கிறவர்கள் வரைபடத்தை வைத்துக்கொண்டு மட்டும் கோடு போடக் கூடாது. அந்த டிசம்பரில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று வீட்டுச் சுவரில் கோட்டைக் காட்டத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்க வேண்டும். சில கிலோமீட்டர் தூரத்துக்கு மண்கரையைக் கைவிட்டு, தூண் மேல் பாதை போட வேண்டியிருக்கலாம். செலவு கூடும்தான். ஆனால் வயலையும் ஊரையும் மூழ்கடிக்கும் ஒரு கரையைப் பிறகு வெட்டித் திறப்பதற்கு அதைவிடக் கூடுதலாகச் செலவாகும்.

நிலம் எடுப்பது தனிக் கதை. சென்னையில் வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரை பறக்கும் ரயிலை நீட்டிக்கும் பணி 2008-இல் தொடங்கியது. மொத்தம் 5 கிலோமீட்டர். ஆதம்பாக்கத்தில் ஏறக்குறைய 500 மீட்டர் நிலம் தொடர்பான வழக்கால் அந்த வேலை பல ஆண்டுகள் நின்றுபோனது. இருபுறமும் தூண்கள் எழும்பி நிற்க, நடுவில் மட்டும் வெட்டவெளி. நிலம் கொடுத்தவருக்கு உரிய விலை உரிய நேரத்தில் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. நம் தடத்தில் இன்னொரு சிக்கலும் சேரும்: முள்ளோடை வரை புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம், ரெட்டிச்சாவடியிலிருந்து தமிழ்நாடு. ஒரே விவசாயிக்கு எல்லையின் இரண்டு பக்கமும் வயல் இருக்கக்கூடும். அவர் இரண்டு வருவாய்த் துறைகளிடம் இரண்டு கோப்புகளோடு அலைய வேண்டியிருக்கும். 1879-இல் இரண்டு பேரரசுகள் உட்கார்ந்து பேசித் தீர்த்த காரியத்தை இன்று இரண்டு அரசு அலுவலகங்கள் தீர்க்க முடியாதா என்ன?

இனி, அதிகம் பேர் பேசாத ஒன்றுக்கு வருகிறேன். ஒற்றைப் பாதையா, இரட்டைப் பாதையா?

ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு ரயில்கள் வர முடியாது. ஒன்று போய்ச் சேர்ந்த பிறகுதான் மற்றொன்று கிளம்ப வேண்டும். புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு நிறுத்தங்கள் உட்பட அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். காலை 7:00 மணிக்கு ஒரு ரயில் கிளம்பினால் 7:30-க்குக் கடலூர். பத்து நிமிடம் நின்று 7:40-க்குத் திரும்பினால் 8:10-க்குப் புதுச்சேரி. மறுபடி பத்து நிமிடம் நின்று, அடுத்தது 8:20-க்கு. 7:00 மணி ரயிலை விட்டவர் 80 நிமிடம் காத்திருக்க வேண்டும். அவர் மறுநாள் ரயில் நிலையத்துக்கு வர மாட்டார்.

இப்போது நடுவழியில், கிருமாம்பாக்கத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள், ரயில்கள் விலகிக்கொள்ள இரண்டாவது தண்டவாளம் ஒன்று போடுகிறோம். ரயில்வேக்காரர்கள் இதைக் கிராசிங் என்பார்கள். 7:00 மணிக்குப் புதுச்சேரியிலிருந்து ஒன்று, கடலூரிலிருந்து ஒன்று, இரண்டும் கிளம்பும். 7:15-க்குக் கிருமாம்பாக்கத்தில் பக்கத்துப் பக்கத்தில் நின்று விலகும். 7:30-க்கு இரண்டும் போய்ச் சேரும். 7:40-க்கு இரண்டும் திரும்பக் கிளம்பும். இடைவெளி 80 நிமிடத்திலிருந்து 40 ஆகிவிட்டது. செய்ததெல்லாம் ஒரு நிலையத்தில் கூடுதலாக ஒரு தண்டவாளமும் நடைமேடையும் சிக்னலும்தான். இதேபோல மூன்று இடங்களில் சம தூரத்தில் அமைத்தால் இருபது நிமிடத்துக்கு ஒரு ரயில் விடலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் முழுவதும் இரட்டைப் பாதைதான்.

ஆனால் கிராசிங்கில் ஓர் ஆபத்து உண்டு. ஒரு ரயில் தாமதமானால் எதிரே வருவதும் காத்திருக்க வேண்டும்; அதன் தாமதம் அதற்கடுத்ததைப் பிடிக்கும். காலை ஏழு மணிக்குத் தொற்றிய ஐந்து நிமிடம் பத்து மணி வரை ஓயாது. எனவே தொடக்கத்தில் ஒற்றைப் பாதை போட்டாலும், பாலத்தின் அடித்தளமும் நிலமும் மண்கரையும் இரட்டைப் பாதைக்கான அகலத்தில் அமைய வேண்டும் என்று வற்புறுத்த வேண்டும். தென்பெண்ணையில் இரண்டாவது முறை போய்த் தூண் இறக்குவது சாதாரண வேலையா?

வண்டி எது என்ற கேள்வி அவ்வளவு கடினமில்லை. மெமு என்று சொல்லப்படும் மின்சார ரயில் இதற்குப் பொருத்தம். எக்ஸ்பிரஸ் ரயிலில் முன்னால் இருக்கும் ஒரே இஞ்சின் மொத்தத்தையும் இழுக்கும். மெமுவில் மோட்டார்கள் ரயிலின் நீளத்துக்குப் பல பெட்டிகளில் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். அதனால் சட்டென வேகமெடுக்கும், சட்டென நிற்கும். ஓட்டுநர் அறை இரண்டு முனையிலும் இருப்பதால் கடைசி நிலையத்தில் இஞ்சினைக் கழற்றி மாட்ட வேண்டியதில்லை. ஓட்டுநர் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்து போனால் போதும். மேலே நான் சொன்ன பத்து நிமிடக் கணக்கு அதனால்தான் சாத்தியமாகிறது. டெல்லி – மீரட் இடையே ஓடும் அதிவிரைவு வட்டார ரயில் வேறு இனம். 82 கிலோமீட்டர் தடம், மணிக்கு 160 கிலோமீட்டர் வேகம் வரை ஓடுகிறது. சென்னை – விழுப்புரம் இடையே அப்படி ஒன்றுக்குச் சாத்தியக்கூறு ஆய்வு நடக்கும் என்று தமிழ்நாடு அரசு 2025 பட்ஜெட்டில் அறிவித்தது. 22 கிலோமீட்டரில் ஆறேழு இடங்களில் நிற்க வேண்டிய ரயிலுக்கு அந்த வேகம் தேவைப்படாது.

கேட்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒரு நாளைக்குச் சில முறை மூடும் கேட்டையே நம்மால் தாங்க முடியவில்லை. இருபது நிமிடத்துக்கு ஒரு ரயில் இரு திசையிலும் ஓடினால் மணிக்கு ஆறு முறை மூட வேண்டும். புதிய பாதையில் கேட்டே இருக்கக் கூடாது. பெரிய சாலைக்கு மேம்பாலம், ஊர்ச் சாலைக்குச் சுரங்கப்பாதை. அதிலும் சுரங்கப்பாதையில் மழைநீர் தேங்காதபடி வடிகால் வேண்டும். இல்லையென்றால் அடைமழை நாளில் ஊரே தண்டவாளத்தின் மேல் ஏறிக் கடக்கும். அதன் விலை உயிர்.

பணத்தைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. டிக்கெட் வருமானத்தில் கட்டுமானச் செலவை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உலகில் பெரும்பாலான புறநகர் ரயில்கள் பொதுப்பணத்தில் கட்டப்பட்டவை, சாலையும் அப்படித்தான். கவனிக்க வேண்டியது, இரண்டு அரசுகளும் ரயில்வேயும் யார் எவ்வளவு தருவது என்பதைத் தொடக்கத்திலேயே எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார்களா என்பது.

பிறகு கட்டுமானம். கிலோமீட்டருக்கு 1,660 கான்கிரீட் ஸ்லீப்பர் கட்டைகள் என்பது வழக்கமான கணக்கு; 22 கிலோமீட்டருக்கு 36,520. அவற்றின் மேல் மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளம், கீழே கருங்கல் ஜல்லி. ஜல்லி ஏன் என்று குழந்தைகள் கேட்பார்கள். எடையைப் பரப்பித் தாங்கவும், மழைநீரை உடனே வடிக்கவும், கட்டை நகராமல் பிடித்துக்கொள்ளவும் என்று சொல்லுங்கள்.

எல்லாம் முடிந்து பெயர்ப்பலகை மாட்டிய பிறகும் பயணிகளை ஏற்ற முடியாது. ரயில் பாதுகாப்பு ஆணையர் வந்து பார்க்க வேண்டும். இவர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் பணியாற்றுகிறார். கட்டியவரே சான்று கொடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது, மிகவும் நல்ல ஏற்பாடு. தென்னகத்துக்கான ஆணையர் அலுவலகம் பெங்களூரில் இருக்கிறது. அவர் மோட்டார் டிராலியில் பாதை முழுவதும் போவார். வளைவுகளை அளப்பார்கள், பாலத்தில் இறங்குவார்கள், சிக்னலையும், ரயிலைத் தடம் மாற்றிவிடும் பாயிண்டையும் இயக்கிப் பார்ப்பார்கள். பிறகு ஒரு ரயிலை வேகமாக ஓட்டிச் சோதிப்பார்கள். அவர் இத்தனை கிலோமீட்டர் வேகத்துக்கு அனுமதி என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் முதல் பயணி ஏறலாம். திறப்பு விழாவுக்குத் தேதி குறித்துவிட்டு அதற்கு முன் சோதனையை முடிக்கச் சொல்லி அவசரப்படுத்துவது சரியில்லை. சோதனை முடிந்து தேதி வரட்டும்.

இறங்கிய பிறகு என்ன? கடலூரில் இந்தக் கவலை குறைவு; திருப்பாதிரிப்புலியூர் நிலையத்துக்கு அருகிலேயே பஸ் நிலையம். புதுச்சேரி அப்படியில்லை. கடலூரிலிருந்து சிகிச்சைக்கு வரும் ஒருவர் புதுச்சேரி நிலையத்தில் இறங்கினால், ஜிப்மர் அங்கிருந்து இன்னும் ஐந்தாறு கிலோமீட்டர் வடமேற்கே கோரிமேட்டில். ரயில் வரும் நேரத்தை ஒட்டி வாசலிலேயே பஸ் நிற்காவிட்டால் அவர் ஆட்டோவுக்குக் கொடுக்கும் காசு ரயில் கட்டணத்தைப் போலப் பல மடங்கு. அப்படிப்பட்டவர் மறுமுறை கடலூரிலேயே ஜிப்மர் வழியாகப் போகும் பஸ்ஸைத் தேடித்தான் ஏறுவார். ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் ஒரே டிக்கெட், ஒரே கால அட்டவணை வேண்டும் என்று நான் கேட்பது இதற்காகத்தான். சீசன் டிக்கெட்டின் பயனையும் சொல்ல வேண்டும்: சென்னைப் புறநகரில் மாத சீசன் டிக்கெட் ஏறக்குறைய 15 ஒற்றைப் பயணங்களின் கட்டணத்தில் கிடைக்கிறது. தினமும் போய் வருகிறவர் எட்டாவது நாளிலேயே போட்ட பணத்தை எடுத்துவிடுகிறார்.

கால அட்டவணையில் எல்லோரும் முதல் ரயிலைப் பார்ப்பார்கள். நான் கடைசி ரயிலைப் பார்க்கச் சொல்வேன். எங்கள் தெருவில் ஒரு செவிலியர் இருக்கிறார். வீடு தவளக்குப்பத்தில், வேலை கடலூரில். மாலை ஷிப்ட் ஒன்பது மணிக்கு முடிந்தாலும், அடுத்து வருகிறவரிடம் நோயாளிகளின் விவரம் சொல்லி, மருந்துக் கணக்கு ஒப்படைத்து, உடை மாற்றி வெளியே வர ஒன்பது இருபது ஆகிவிடும். கடைசி ரயில் ஒன்பது மணிக்கு என்றால் அவர் காலையிலும் ரயிலில் போக மாட்டார். திரும்ப வழியில்லாத ரயிலில் யார் போவார்கள்? ஸ்கூட்டியில்தான் போவார். அந்த ரயில் ஒன்பதே முக்காலுக்குத் திருப்பாதிரிப்புலியூரில் கிளம்பட்டும். பத்தேகால் மணிக்கெல்லாம் அவர் தவளக்குப்பத்தில் இறங்கி, விளக்கு எரிகிற நடைமேடையைக் கடந்து வீட்டுக்கு நடந்து போய்விடுவார்.